உலகக் கோப்பை ஸ்கோர் கணிப்பும் சர்வாதிகாரக் காலத்துப் போஸ்டர்களும்: ஒரே கூடத்தில் எப்படி வைப்பது?

அல்சூர் லெஃப்ட்விங் (கேள்வி)

வணக்கம். பெங்களூரு கௌதமபுரத்தில் பெலே சிலை இருக்கும் பகுதியில் ஒரு சின்னக் கூடம் கிடைத்திருக்கிறது. 48 அணிகள் ஆடும் உலகக் கோப்பையை ஒட்டி இரண்டு காரியம் செய்கிறோம். ஒன்று, ஸ்கோர் கணிப்புப் போட்டி. பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள். இரண்டு, 1930 முதலான உலகக் கோப்பைப் போஸ்டர்களும் மைதானப் படங்களும் கொண்ட கண்காட்சி.

என் கேள்விகள்:

கணிப்புக்கு ஃபிஃபா ரேங்கிங் போதுமா, எலோ (ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அணியின் புள்ளி ஏறி இறங்கும் தரவரிசை முறை) வேண்டுமா? கையில் இருப்பது எக்செல் மட்டும். புரோகிராம் எழுத ஆள் இல்லை.

பழைய முடிவுகளின் பட்டியலில் 1973 சிலி–சோவியத் 2-0, 1978 அர்ஜென்டினா–பெரு 6-0 மாதிரி வரிகள் வருகின்றன. இவற்றை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

கடைசியாக, 1934 இத்தாலி போஸ்டர், ஃப்ளாரன்ஸ் மைதானப் படம், 1978 அர்ஜென்டினா சின்னம். "பந்து விழாவில் அரசியல் எதற்கு, படத்தை மட்டும் மாட்டுங்கள்" என்று ஒரு தரப்பு. "முசோலினி காலத்துப் படம் சுவரில் ஏறவே கூடாது" என்று இன்னொரு தரப்பு. கீழே என்ன எழுதுவது, எங்கே மாட்டுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோல்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஃபிஃபா ரேங்கிங்கை அப்படியே எடுக்காதீர்கள். 2018 ஆகஸ்டிலிருந்து அதுவும் எலோ வகைதான். ஆனால் சொந்த மண் சாதகமும் கோல் வித்தியாசமும் அதன் கணக்கில் கிடையாது. 1-0 ஜெயித்தாலும் 5-0 ஜெயித்தாலும் ஒரே புள்ளி. கீழே தரும் எலோ சூத்திரத்தில் 400 இருக்கும் இடத்தில் ஃபிஃபா 600 வைக்கிறது. நடுநிலை மைதானத்தில் 100 புள்ளி முன்னால் இருக்கும் அணிக்கு எலோவில் எதிர்பார்ப்பு 0.64, ஃபிஃபா முறையில் 0.595. இதன் புள்ளியை அதன் சூத்திரத்தில் போட்டால் எல்லாம் கோணலாகும். நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். 2018-க்கு முந்தைய ரேங்கிங்கைத் தொடவே வேண்டாம். அது சராசரி முறை, நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால்கூடப் புள்ளி இறங்கலாம். போலந்து நட்பு ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டு 2018 குலுக்கலில் முதல் வரிசைக்கு வந்தது. ரஷ்யாவில் குரூப்பில் கடைசியாக முடிந்தது.

எக்செல்லில் எலோ போடும் முறை:

எதிர்பார்ப்பு = 1 ÷ (1 + 10^(−வித்தியாசம் ÷ 400)). சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு வித்தியாசத்தில் 100 கூட்டுவது வழக்கம். ஆட்டம் முடிந்ததும் புதிய புள்ளி = பழைய புள்ளி + எடை × (முடிவு − எதிர்பார்ப்பு). வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0. எடை உலகக் கோப்பைக்கு 60, கண்டக் கோப்பைக்கு 50, தகுதிச் சுற்றுக்கு 40, மற்றத் தொடர்களுக்கு 30, நட்பு ஆட்டத்துக்கு 20. இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் எடையை 1.5 ஆல் பெருக்குங்கள், மூன்று என்றால் 1.75 ஆல். அதற்கு மேல் ஒவ்வொரு கோலுக்கும் பெருக்கெண்ணில் எட்டில் ஒரு பங்கு கூடும். மேலே சொன்ன 0.64 அணி உலகக் கோப்பையில் 2-0 என்று ஜெயித்தால் 60 × 1.5 × 0.36 = 32.4 புள்ளி ஏறும். எதிரணிக்கு அதே 32.4 இறங்கும்.

எலோ தருவது வெற்றியும் பாதி டிராவும் கலந்த ஒரே எண். ஸ்கோர் வேண்டுமென்றால் பாய்சான் கணக்குக்குப் போக வேண்டும். சராசரி கோலைக் கொடுத்தால் 0, 1, 2 கோல் விழ எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். 2018-இல் 64 ஆட்டங்களில் 169 கோல், 2022-இல் 172. ஆகவே ஆட்டத்துக்கு மொத்தம் 2.65 கோல் என்று வைத்துக்கொள்ளலாம். இதை இரண்டு அணிக்கும் பிரிக்க வேண்டும். பலமான அணிக்கு 1.65, மற்றதற்கு 1.0 என்று பிரித்தால் வெற்றி 52.6%, டிரா 24.5%, தோல்வி 22.9%. வெற்றியோடு பாதி டிராவைக் கூட்டினால் 0.65 வருகிறது. எலோ சொன்ன 0.64-க்கு இது பக்கம்தான். இன்னும் நெருங்க வேண்டுமென்றால் எக்செல்லின் கோல் சீக் (Goal Seek) வசதியைப் பயன்படுத்திப் பங்கை நகர்த்துங்கள். இடப்பக்கம் 0 முதல் 6 கோல், மேல்பக்கம் 0 முதல் 6 கோல் என்று 49 கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பாய்சான் மதிப்புகளைப் பெருக்கினால் போதும். பாய்சான் ஃபார்முலாவின் கடைசி இடத்தில் பொய் (FALSE) மதிப்பு கொடுக்க வேண்டும். மறந்து மெய் (TRUE) கொடுத்துவிட்டால் கூட்டு மதிப்பு வரும், 49 கட்டத்தின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டி எங்கேயோ போகும். அந்தக் கூட்டுத்தொகையை ஒரு மூலையில் எப்போதும் தெரியும்படி வையுங்கள்.

இந்த அட்டவணையில் 1-0, 1-1 இரண்டும் சமமாக 11.7% நிற்கும். நிஜ ஆட்டங்களில் 0-0, 1-1 இதைவிடக் கொஞ்சம் அதிகம் வரும், 1-0, 0-1 கொஞ்சம் குறையும். இதைச் சரிசெய்ய டிக்சன், கோல்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் 1997-இல் கொடுத்த திருத்தம் இருக்கிறது. திருத்த எண்ணை −0.1 என்று வைத்தால் 1-1 என்பது 12.8% ஆகவும், 1-0 என்பது 10.5% ஆகவும், 0-0 என்பது 7.1-லிருந்து 8.2% ஆகவும் மாறும். நான்கே கட்டத்தைத்தான் தொடுகிறது. செய்துவிடுங்கள்.

நாக் அவுட்டில் டிரா வந்தால் கூடுதல் நேரம் 30 நிமிடம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 0.55, 0.33 என்று போட்டு இன்னொரு சின்ன அட்டவணை. அதுவும் டிரா என்றால் பெனால்டிக்கு 50-50. அதைவிட நுணுக்கமாகப் போய் ஒரு லாபமும் இல்லை.

சொந்த மண் சாதகத்தை மெக்சிகோ, அமெரிக்கா, கனடா மூன்றும் தத்தம் நாட்டில் ஆடும்போது மட்டும் கொடுங்கள், அதுவும் முழு 100 வேண்டாம். 2010-இல் தென்னாப்பிரிக்கா குரூப்பிலேயே வெளியேறியது. 2022-இல் கத்தார் மூன்று ஆட்டத்தையும் தோற்றது. 60, 70 வைத்தால் போதும் என்பது என் கருத்து. உயரம் வேறு சங்கதி. லா பாஸ் மைதானம் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. தென்னமெரிக்கத் தகுதிச் சுற்றிலிருந்து பொலிவியாவின் பலத்தைக் கணக்கிட்டால் உள்ளூர் ஆட்டம், வெளியூர் ஆட்டம் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

போட்டிக்கு மார்க் போடும் முறைதான் முக்கியம். நன்றாகக் கணித்தவருக்கே சரியான ஸ்கோர் எட்டு ஆட்டத்துக்கு ஒன்றுதான் அமையும். சரியான ஸ்கோருக்கு மட்டும் பரிசு என்றால் அது குலுக்கல் சீட்டு. ஒவ்வொருவரும் வெற்றி, டிரா, தோல்வி மூன்றுக்கும் தனித்தனியாகச் சதவீதம் எழுதிக்கொடுக்கட்டும். நடந்ததற்கு 1, நடக்காததற்கு 0 வைத்து வித்தியாசங்களை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். இதற்கு பிரையர் மதிப்பெண் என்று பெயர், குறைவாக இருப்பதே நல்லது. 52.6–24.5–22.9 எழுதியவருக்கு அணி ஜெயித்தால் 0.34, தோற்றால் 0.93. "நூறு சதவீதம் ஜெயிக்கும்" என்று எழுதி அணி தோற்றால் 2.0. ஒன்றும் தெரியாமல் மூன்றிலும் 33.3 போட்டவருக்கு 0.67. பிள்ளைகளுக்கு இதை இரண்டு ஆட்டம் போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

நுழைவுக் கட்டணம் வாங்கவே வாங்காதீர்கள். காசு கட்டிக் காசு ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பிப் பணம் திரட்டினால் தேவையில்லாத வம்பு. பரிசு புத்தகமாகவோ பந்தாகவோ இருக்கட்டும்.

பழைய ஸ்கோர் ஷீட்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பட்டியலில் "எப்படி முடிந்தது" என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். 90 நிமிடம், கூடுதல் நேரம், பெனால்டி, ஆடாமல் கொடுத்தது என்று நான்கு குறி போதும்.

1973 சிலி–சோவியத் வரியைக் கணக்கிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அது ஆட்டமே இல்லை. 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவத் தளபதி பினோசே அரசைக் கவிழ்த்தார். செப்டம்பர் 26 மாஸ்கோவில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டம் 0-0. சான்டியாகோவின் தேசிய மைதானத்தை ராணுவம் கைதிகள் முகாமாக்கிச் சித்திரவதை செய்தது. அந்த மைதானத்தில் ஆட முடியாது என்று சோவியத் மறுத்தது. நவம்பர் 21 அன்று சிலி வீரர்கள் எதிரணியே இல்லாத களத்தில் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் காலி வலைக்குள் போட்டார்கள். 2-0 என்பது தீர்ப்பாகக் கொடுத்த எண். அதை வெற்றியாக ஏற்றினால், எதிரே யாரும் இல்லாமலே சிலியின் புள்ளி கூடும். மாஸ்கோ 0-0 நிஜமாக ஆடியது, அது இருக்கட்டும். எடுத்த வரியை அழித்துவிடாமல் தனித் தாளில் காரணத்தோடு வையுங்கள். கண்காட்சியில் அந்த மைதானத்தின் படத்துக்குக் கீழே அதே வரிதான் தேவைப்படும்.

1978 ஜூன் 21, ரொசாரியோ. பிரேசில் அன்றைக்கே முன்னதாக போலந்தை 3-1 என்று வென்றுவிட்டது. அதனால் இறுதிக்குப் போக பெருவை குறைந்தது நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்பது அர்ஜென்டினாவுக்குத் தெரியும். 6-0 வந்தது. விடேலாவின் ராணுவ ஆட்சி பேரம் பேசியதாகக் குற்றச்சாட்டு இன்றும் நிற்கிறது, நிரூபணம் ஆகவில்லை. ஆடிய ஆட்டம் என்பதால் வரியை நீக்க மாட்டேன். ஆனால் ஆறு கோலுக்குப் பெருக்கெண் 2.125. எதிர்பார்ப்பு 0.75 என்று வைத்தால்கூட ஒரே ஆட்டத்தில் 32 புள்ளி ஏறுகிறது. கோல் வித்தியாசத்தை எல்லா ஆட்டத்துக்கும் மூன்றோடு நிறுத்திவிடுங்கள். 26 ஆக இறங்கும். இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் தனி விதி வைத்தால் அது உங்கள் விருப்பு வெறுப்பு, கணக்கு ஆகாது.

கூடுதல் நேரத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பொதுவாகக் கிடைக்கும் பட்டியல்களில் 120 நிமிட ஸ்கோர்தான் இருக்கும். 1934 இறுதி 2-1, ஆனால் 90 நிமிடத்தில் 1-1. 1978 இறுதி 3-1, 90-இல் 1-1. 2014 இறுதி 1-0, 90-இல் 0-0. 2022 இறுதி 3-3, 90-இல் 2-2. இவற்றை அப்படியே பாய்சானுக்குக் கொடுத்தால் கோல் சராசரி வீங்கும், டிரா குறையும்.

இன்றைய கணிப்புக்கு இவற்றால் எவ்வளவு பாதிப்பு என்றால், கிட்டத்தட்ட பூஜ்யம். பழைய ஆட்டத்தின் எடையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாதியாக்கினால் 1978 காணாமல் போய்விடும். எலோவிலும் அவ்வளவு பழைய புள்ளி எப்போதோ கரைந்துவிட்டது. 2010-க்குப் பிந்தைய ஆட்டங்களோடு ஆரம்பிப்பதே போதும். பழைய வரிகளைச் சுத்தம் செய்யச் சொல்வது சுவருக்காக. ஸ்கோர் எழுதும் இடத்தில் அது எந்தச் சூழலில் வந்தது என்பதும் இருக்க வேண்டும்.

1934-ஐ "முசோலினி வாங்கிய கோப்பை" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். ஃப்ளாரன்ஸில் மே 31 அன்று ஸ்பெயினோடு 1-1, மறுநாளே மறு ஆட்டம் 1-0. கோல்கீப்பர் சமோரா காயத்தால் இரண்டாம் நாள் ஆடவில்லை. நடுவர்கள் மீது புகார் உண்டு. அதே பயிற்சியாளர் போட்சோவின் கீழ் 1938-இல் பிரான்ஸ் மண்ணிலும் இத்தாலி ஜெயித்தது என்பதும் உண்மை. அங்கே பிரான்ஸுக்கு எதிரான காலிறுதியில் பாசிஸ்டுகளின் அடையாளமான கறுப்புச் சட்டையோடு இறங்கியதும் உண்மை. அணி நல்ல அணி, ஆட்சி கொடிய ஆட்சி. இரண்டையும் எழுதுங்கள்.

சுவரும் சுண்ணாம்பும்

மூன்றாவது கேள்வி. "படத்தை மட்டும் மாட்டுங்கள்" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படைப்புகள் அழகாக இருப்பதற்கு அரசு காசு கொடுத்தது. மயங்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். குறிப்பு இல்லாமல் மாட்டினால் அந்த வேலையை நாம் மறுபடி செய்துகொடுக்கிறோம்.

ஃப்ளாரன்ஸ் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் பியர் லூயிஜி நெர்வி, 1930–32. கான்கிரீட்டை அப்படி வளைத்தவர்கள் அன்று அரிது: வெளியே சுருண்டு ஏறும் படிக்கட்டு, தூணே இல்லாமல் நீண்டு நிற்கும் கூரை, மராத்தான் கோபுரம். இன்று ஆர்ட்டெமியோ ஃப்ராங்கி மைதானம். திறந்தபோது வைத்த பெயர் ஜொவானி பெர்த்தா, ஓர் உள்ளூர் பாசிஸ்டின் பெயர். மேலே சொன்ன ஸ்பெயின் ஆட்டங்கள் நடந்தது இங்கேதான். நெர்வி பாசிசத்தோடு முடிந்துவிடவில்லை. பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகத்தை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். 1960 ரோம் ஒலிம்பிக்ஸுக்கும் கட்டினார். படிக்கட்டின் படத்தைப் பெரிதாக வையுங்கள், அதற்கு அது தகும். பழைய பெயரை அதே பலகையில் அதே எழுத்தளவில் எழுதுங்கள். அடிக்குறிப்பாகச் சுருக்க வேண்டாம்.

1934 போஸ்டர் வரைந்தவர் ஜீனோ போக்காசிலே. குறிப்புக்கு ஒரு மாதிரி தருகிறேன்:

"உலகக் கோப்பை, இத்தாலி, 1934. ஓவியர்: ஜீனோ போக்காசிலே. முசோலினியின் பாசிச அரசு இந்தப் போட்டியைத் தன் ஆட்சியின் விளம்பரமாக நடத்தியது. இறுதி ஆட்டம் நடந்த ரோம் மைதானத்துக்குப் பாசிசக் கட்சியின் பெயர். வென்றவர்களுக்கு வழக்கமான கோப்பையோடு 'டூச்சே கோப்பை' (டூச்சே: 'தலைவர்', முசோலினியின் பட்டம்) என்று இன்னொன்றும் தரப்பட்டது. போக்காசிலே பின்னாளில் நாஜி ஆதரவில் இயங்கிய சாலோ அரசுக்குப் பிரசாரப் படங்கள் வரைந்தார். இறுதி: இத்தாலி 2, செக்கோஸ்லோவாக்கியா 1, கூடுதல் நேரத்தில்."

யார் செய்தது, யார் காசு கொடுத்தது, எதற்குப் பயன்பட்டது, பிறகு என்ன ஆனது. நாலும் இருந்தால் போதும். "சர்ச்சைக்குரிய காலம்", "அன்றைய சூழல்" என்று மழுப்பும் சொற்களை அடியுங்கள். பாசிசம் என்றால் பாசிசம், ராணுவ ஆட்சி என்றால் ராணுவ ஆட்சி.

1978 சின்னத்தின் கதை நேர்மாறானது. வெள்ளையும் நீலமுமான இரண்டு வளைவுகள் பந்தைத் தாங்கும். அது அதிபராக இருந்த பெரோன் கூட்டத்தைப் பார்த்து இரு கையையும் தூக்கும் பாணியிலிருந்து வந்தது, 1976 மார்ச் 24 ஆட்சிக்கவிழ்ப்புக்கு முன்பே முடிவானது. வணிக ஒப்பந்தங்கள் போட்டாகிவிட்டதால் ராணுவத்தால் அதை மாற்ற முடியவில்லை. தாங்கள் கவிழ்த்த இயக்கத்தின் அடையாளத்தோடே போட்டியை நடத்தினார்கள். இதற்குப் பக்கத்தில் எஸ்மா கடற்படைப் பள்ளியின் படம் வையுங்கள். இறுதி ஆட்டம் நடந்த மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ரகசியச் சிறை அது. இன்று நினைவு அருங்காட்சியகம், 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

மாட்டும் விதம்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145–150 செ.மீ. குறிப்பு வலப்பக்கம், அதே கண் மட்டத்தில், 20 புள்ளிக்குக் குறையாத எழுத்து. பிள்ளைகள் வருவதால் குறிப்பை மட்டும் கொஞ்சம் இறக்கலாம். 1934 போஸ்டர் ஏ2 அளவைத் தாண்ட வேண்டாம். வாசலிலும் செல்ஃபி எடுக்கும் இடத்திலும் வைக்காதீர்கள், அழைப்பிதழிலும் டி-ஷர்ட்டிலும் போடாதீர்கள். அங்கெல்லாம் படம் போகும், குறிப்பு கூடப் போகாது.

உரிமை: போக்காசிலே 1952-இல் இறந்தார். இந்தியாவில் ஓவியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்பதால் 2012-ஓடு காப்புரிமை முடிந்தது. 1982 ஸ்பெயின் போஸ்டர் மிரோ வரைந்தது. அவர் இறந்தது 1983, எனவே 2043 வரை உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் அச்சடிக்காதீர்கள்.

மர்ஃபி டவுன் வாசகர்

மரியாதையோடு மறுக்கிறேன். குறிப்பை எத்தனை பேர் நின்று படிப்பார்கள்? பத்து வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்பது படம்தான். போக்காசிலேயின் தொழிலே பார்த்த கணத்தில் கண்ணைப் பிடிப்பது. நமது கூடம் அருங்காட்சியகம் கிடையாது, விளக்கிச் சொல்ல ஆள் எப்போதும் நிற்க மாட்டார். இத்தாலியின் போலோன்யாவில் என்ன செய்தார்கள்? மைதானக் கோபுரத்தில் முசோலினி குதிரைமேல் இருக்கும் வெண்கலச் சிலை இருந்தது. போருக்குப் பிறகு அந்த வெண்கலத்தை உருக்கி, எதிர்த்துப் போராடிய ஓர் ஆண், ஒரு பெண் சிலைகளாகச் சிற்பி மிங்குட்சி வார்த்தார். அவ்வூரின் போர்த்தா லாமே வாயிலருகே இன்றும் நிற்கின்றன. 1934-க்கு அந்த இரண்டு சிலைகளின் படத்தை மாட்டி, போஸ்டரைப் பற்றி எழுத்தில் மட்டும் சொன்னால் போதாதா?

சுவரும் சுண்ணாம்பும்

உங்கள் பயம் நியாயமானது. போலோன்யா படத்தை அவசியம் வையுங்கள், எனக்கே அது தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் எடுத்துவிட்டால் கேள்வியும் கூடவே போய்விடுகிறது. ரோமில் ஒலிம்பிக் மைதானத்துக்கு வெளியே "முசோலினி டூக்ஸ்" (டூச்சேயின் லத்தீன் வடிவம்) என்று செதுக்கிய தூண் இன்றும் நிற்கிறது. 1990 இறுதி ஆட்டத்துக்குப் போனவர்கள் அந்த வளாகத்தில்தான் நடந்தார்கள். விளக்கம் இல்லாமல் நிற்பதுதான் அங்கே கோளாறு. வட இத்தாலியின் போல்சானோவில் வேறு வழி கண்டார்கள். பிஃப்ராடர் செதுக்கிய பிரமாண்டமான கல் புடைப்பு, நடுவில் குதிரைமேல் முசோலினி, "நம்பு, கீழ்ப்படி, போரிடு" என்ற வாசகம். 2017-இல் அதை இடிக்காமல், அதன்மேலேயே "கீழ்ப்படிய யாருக்கும் உரிமை இல்லை" என்ற சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டின் வாசகத்தை மூன்று மொழிகளில் ஒளிரும் எழுத்தில் பொருத்தினார்கள். சிற்பத்தைப் பார்க்கும் கண்ணுக்கு அந்த எழுத்தைத் தவிர்க்க வழியில்லை.

அதையே சின்ன அளவில் செய்யலாம். 1934 போஸ்டரைத் தனித் தாளாக அச்சடிக்காமல், படமும் குறிப்பும் ஒரே தாளில், பாதிக்குப் பாதி இடம் எடுக்கும்படி வடிவமைத்து அச்சடியுங்கள். போட்டோ எடுத்தாலும் குறிப்பு சேர்ந்தே வரும்.

மர்ஃபி டவுன் வாசகர்

ஒரே தாள் என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. என் விருப்பம் இன்னும் போலோன்யா படம் மட்டும்தான்.

அல்சூர் லெஃப்ட்விங்

எல்லோருக்கும் நன்றி. ஒரே தாளில் அச்சடிக்கிறோம், பக்கத்திலேயே போலோன்யா சிலைகள். குறிப்புகள் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கும். 49 கட்ட அட்டவணை போட்டுப் பார்த்தேன், கூட்டுத்தொகை 0.998 வருகிறது. தப்பா? இன்னொன்று, ஜூனில் மழை. எந்தத் தாளில் அச்சடிப்பது?

கோல்கணக்கு

தப்பு இல்லை. ஒரு அணி 7 கோலோ அதற்கு மேலோ அடிக்கும் சின்ன வாய்ப்பு அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்துவிடுங்கள், 1 ஆகிவிடும். எலோ வித்தியாசம் 400-ஐத் தாண்டும் ஆட்டங்களுக்கு மட்டும் 10 கோல் வரை நீட்டுங்கள். 48 அணியில் அப்படிச் சில ஆட்டம் வரும்.

சுவரும் சுண்ணாம்பும்

ஃப்ளெக்ஸ் வேண்டாம், பளபளப்பில் குறிப்பு படிக்க முடியாது. மேட் தாளில் அச்சடித்து 5 மி.மீ. சன்போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் இரட்டைப் பக்க டேப் ஈரத்தில் பிடிக்காது, இரவோடு இரவாக விழும். மேலே ஒரு கம்பி இழுத்துக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். கன்னடக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன் கன்னடம் எழுதிப் பழகிய ஒருவர் ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் ஒருமுறை பார்க்கட்டும்.